மாவடிப்பள்ளியின் அடுப்படி

கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவுச் சந்தியிலிருந்து, கடலை முதுகுப்புறம் விட்டு அம்பாறைச் சாலையில் மேற்கே சென்றால், சிறிது தொலைவிலேயே இருமருங்கும் வயல் விரியக் காணலாம். அங்கேதான் மாவடிப்பள்ளி என்னும் முஸ்லிம் சிற்றூர் இருக்கிறது. விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவு அதற்குக் கிழக்கே. நெல் விளையும் சம்மாந்துறை மேற்கே. கடலுக்கும் கழனிக்கும் இடைப்பட்ட இவ்விருப்பே இவ்வூர் உணவின் இயல்பை வகுத்தது.

கரைவலையில் அகப்பட்ட சாளையும் கீரியும் ஒருபுறமிருந்து வரும். வாய்க்கால் விரால் மறுபுறமிருந்து வரும். பனை மிகுந்த யாழ்ப்பாணம் ஒடியற்கூழைக் கண்டது. நீர் மிகுந்த இம்மண்ணோ அரிசிப் பிட்டையும் எருமைத் தயிரையும் கண்டது. யாழ்ப்பாணத்தார் சொதி என்பதை இங்கே பாலாணம் என்பர். ஆணம் என்னும் அப்பழஞ்சொல் தமிழகத்து முஸ்லிம்களிடையும் வழங்குகிறது. கூனி என்னும் பொடி இறாலை உலர்த்தி, தேங்காய்ப்பூவும் மிளகாயும் கூட்டிச் சுண்டுவதும் இக்கரைக்குரியதே. அதன் மணத்துக்கு வெளியூரார் முகஞ்சுளிப்பர். இரண்டாம் முறை சுளிப்பதில்லை.

பிட்டைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். மாவும் தேங்காய்ப்பூவும் அடுக்கடுக்காய் ஒரே குழலில் அவிவதால், கிழக்கிலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று முன்னோர் உவமித்தனர். உவமை அழகியதே. ஆயினும் 1985இலும் 1990இலும் கிழக்கில் குருதி சிந்தியதை மறைத்து அவ்வுவமையை மேடைதோறும் முழக்குவது நேர்மையன்று. அயலூர்கள் ஒன்றையொன்று அஞ்சிய காலம் அது. பின்னர் பெருநாள் வட்டிலப்பம் இந்து வீடுகளுக்கும், தைப்பொங்கற் சர்க்கரைச் சோறு முஸ்லிம் வீடுகளுக்கும் மீண்டும் செல்லலாயின. மேடைப் பேச்சினும் இக்கிண்ணங்கள் செய்த பணி பெரிது என்பது என் துணிபு.

விருந்துக்குச் செல்லும் மாணவர் சஹன் முறையை அறிந்திருத்தல் நன்று. சஹன் என்பது பெருந்தட்டு. அதில் குவித்த சோற்றைச் சூழ்ந்து அறுவர் அமர்வர். அவரவர் தம் பக்கத்துச் சோற்றையே உண்பர். நடுவில் கைநீட்டல் ஆகாது. கூச்சமுடையோர்க்கு முதலில் சோறு இறங்காது. பக்கத்திலிருப்பவர் கறியை நம்பக்கம் தள்ளிவிடும்போது கூச்சம் அகன்றுவிடும். இறுதியில், தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் முட்டையும் ஏலமும் சேர்ந்தவிந்த வட்டிலப்பம் வரும். மலாயர் வழியாக வந்ததென்பர் இதனை. இதற்கு வயிற்றில் சிறிது இடம் விட்டே சோற்றில் கைவைக்க வேண்டும்.