சிலி பயணம் – 6: எட்டாம் வாசலின் மரப் பலகைகள்

சாந்தியாகோ மெட்ரோவின் 6ஆம் தடத்தில் வந்து இறங்கினால் எதிரிலேயே தேசிய விளையாட்டரங்கம். வட்டாரத்தின் பெயர் ஞுஞோவா. இதைச் சொல்ல ஆங்கிலக்காரர்கள் படாத பாடு படுகிறார்கள். ஞகரம் கைவசம் இருக்கும் நமக்கென்ன கவலை? வழி கேட்டபோது ஒரே மூச்சில் சொன்னேன், கேட்டவர் சிரித்துவிட்டார்.

1938 டிசம்பர் 3 அன்று திறந்த அரங்கம். பெர்லின் ஒலிம்பிக் அரங்கத்தைப் பார்த்து எழுப்பியது. இவ்வளவு பெரிய இடம் என்றைக்கு நிரம்பப்போகிறது என்று ஊர் இதை 'வெள்ளை யானை' என்று கேலி செய்ததாம். முதல் ஆட்டத்தில் கோலோ கோலோ அணி பிரேசிலின் சாவ் கிறிஸ்தோவாவ் அணியை 6-3 என்று வென்றது. 1962 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டமும் இங்கேதான். சிலியும் இத்தாலியும் உதைத்துக்கொண்ட 'சாந்தியாகோ சண்டை'யும் இங்கேதான். வெளியேற மறுத்த இத்தாலிய வீரரைப் போலீஸ் வந்து இழுத்துப்போனது. அன்றைய நடுவர் கென் ஆஸ்டன்தான் பின்னாளில் மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தவர்.

நான் வந்தது எட்டாம் வாசலுக்காக.

1973 செப்டம்பர் 11 அன்று ராணுவத் தளபதி பினோசே ஆட்சியைக் கவிழ்த்தார். மறுநாளே அரங்கம் சிறையாயிற்று. அந்த மாதம் 22ஆம் தேதி உள்ளே சுமார் 7,000 பேர் இருந்ததாகச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டது. பெண்களை நீச்சல்குளத்து உடைமாற்றும் அறைகளில் அடைத்தார்கள். விசாரணையும் சித்திரவதையும் பக்கத்துச் சைக்கிள் பந்தயத் தளத்தில். கம்பிக் கதவுக்கு வெளியே உறவுக்காரர்கள் நாள்கணக்கில் நின்றார்கள். பாடகர் விக்தோர் ஹாராவும் இங்கேதான் கொல்லப்பட்டார் என்று பலர் எழுதுவதுண்டு, ஒரு காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன். அது நகரின் இன்னொரு அரங்கம். இன்று அதற்கு அவர் பெயர்.

கொடுமைக்கு நடுவே ஒரு கால்பந்து ஆட்டமும் காத்திருந்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிலியும் சோவியத் ஒன்றியமும் மாஸ்கோவில் 0-0 என்று முடித்திருந்தன, அடுத்தது இங்கே. சோவியத் மறுத்தது. அக்டோபரில் ஃபிஃபா அதிகாரிகள் இருவர் பார்வையிட வந்தார்கள். கைதிகளை உள்ளறைகளில் ஒளித்துவைத்தார்கள் சிப்பாய்கள். வந்தவர்கள் புல்லைப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது, போய்விட்டார்கள். ஆட்டத்துக்காக அரங்கத்தைக் காலிசெய்தபோது பலரை வடக்கே அத்தகாமா பாலைவனத்துச் சகபூகோ முகாமுக்கு அனுப்பினார்கள்.

நவம்பர் 21. எதிரணி வரவில்லை. சிலி வீரர்கள் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டே போய் ஆளில்லாத கோல் முன் நின்றார்கள்; கேப்டன் பிரான்சிஸ்கோ வால்தேஸ் உள்ளே தள்ளினார். பலகையில் 1-0. வந்த கூட்டம் ஏமாறக் கூடாதென்று பிரேசிலின் சான்டோஸ் அணியோடு ஒரு நட்பு ஆட்டம் வைத்தார்கள். அதில் சிலி 0-5 என்று தோற்றது. அந்த ஐந்து கோல்களும் எனக்குச் சின்னதாக ஒரு திருப்தி தந்தன, மறைப்பானேன்!

எட்டாம் வாசலுக்குள் நுழைந்தால் இருட்டான நடை, சுவரில் கைதிகள் கீறிய எழுத்துகள். மேலே ஏறினால் அரங்கம் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலிகள். இந்த ஒரு துண்டில் மட்டும் அந்தக் காலத்து மரப் பலகைகள், வெளிறி, வெடித்து. எந்த ஆட்டத்திலும் இங்கே யாரும் உட்காருவதில்லை.

மக்களாட்சி திரும்பிய 1990 மார்ச்சில், புதிய அதிபர் அய்ல்வினின் விழா இதே புல்வெளியில்தான் நடந்தது. சிலியின் குவேக்கா இணையாக ஆடும் நடனம். பினோசே காலத்தில் காணாமற்போனவர்களின் வீட்டுப் பெண்கள் அந்த விழாவில் அதைத் தனியாக ஆடினார்கள். இன்று தேர்தல் நாளில் இதுவே பெரிய வாக்குச்சாவடி.

சனிக்கிழமை மாலை உனிவெர்சிதாத் தே சிலி அணியின் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கினேன். நீலப் புகை, ஓயாத பாட்டு, கிழக்கே ஆண்டீஸ் மலையில் கடைசி வெயில். இரண்டாம் பாதியில் ஒருவர் ஓங்கி உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்து மரப் பலகைகளில் விழுந்தது. படி படியாகத் தட்டித் தட்டிக் கீழே வந்தது. பந்து பொறுக்கும் பையன் கீழேயே காத்து நின்றான்.

(பயணம் தொடரும்)