விரல் நுனியில் ஒரு வெளிச்சம்



ஆண்டு மலர் என்றாலே கவிதை எழுதத்தான் பலரும் கிளம்புவார்கள். எனக்குக் கவிதை வராது. டிராயிங் ஷீட்டில் கோடு போடுவதே பெரும்பாடு! ஆனாலும் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தயவு செய்து பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்.

பிறந்த குழந்தைக்குக் கண் தெரியுமா? "தெரியாம என்ன?" என்பீர்கள். தெரியும், ஆனால் மங்கலாக. ஒன்றரை ஜாண் தூரத்தில் இருக்கும் அம்மா முகம் ஏதோ கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். பார்ப்பது என்பது கண் மட்டும் செய்கிற வேலை இல்லை. கண் அனுப்பும் சிக்னலை மூளை படித்துப் பழக வேண்டும். ஹூபெல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடி வைத்துப் பார்த்தார்கள். பிறகு திறந்து விட்டாலும் அந்தக் கண்ணால் சரியாகப் பார்க்க முடியவில்லை. கண் நன்றாகத்தான் இருந்தது. மூளைக்குப் போகிற இணைப்புதான் சரியாக உருவாகவில்லை! பார்வை பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 1981-ல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

சிவில் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட் இறுகுவதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும். குழந்தை விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான். பிறவியிலேயே கண்புரை அடர்த்தியாக இருந்தால் முதல் சில வாரங்களிலேயே ஆபரேஷன் செய்யச் சொல்வது இதனால்தான்.

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? எல்லாம் என் அக்கா மகள் சொல்லித் தந்தது.

அவள் 29-வது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,100 கிராம். நாம் கடையில் வாங்கும் ஒரு கிலோ ஆணிப் பொட்டலத்தை விடக் கொஞ்சம் கூட! இரண்டு மாதம் இன்குபேட்டர், ஆக்சிஜன் என்று கிடந்து பிழைத்து வந்தாள். வீட்டில் எல்லோரும் எடை ஏறுகிறதா என்றே பார்த்துக் கொண்டிருந்தோம்.

நாலாம் மாதம் அக்காதான் சொன்னாள்: "தம்பி, இவ என் மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்குறாடா."

"கொறமாசப் பிள்ளை, எல்லாம் மெதுவாத்தான் வரும்" என்றாள் அம்மா. அக்கா கேட்கவில்லை. மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். டாக்டர் நெடுநேரம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் விழித்திரை பிரிந்துவிட்டது, வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியலாம் என்றார். பிறகு, "ஏம்மா, முப்பது நாளுக்குள்ள ஏன் கொண்டு வரல?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லலையே டாக்டர்" என்றாள் அக்கா. உண்மைதான். பிரசவம் நடந்த இடத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் தடுப்பூசி தேதி இருந்தது, சொட்டு மருந்து இருந்தது. கண் பரிசோதனை என்று ஒரு வரி இல்லை. ஒரே ஒரு வரி!

இந்த நோய்க்கு ஆர்.ஓ.பி. என்று பெயர். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நடுவில் தொடங்கி ஓரம் வரை வளர்ந்து முடிவதற்குப் பத்து மாதமும் ஆகும். குறைமாதத்தில் பிறந்தால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். பிறகு தாறுமாறாகப் புதுக் குழாய்கள் முளைத்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். உரிய நேரத்தில் லேசர் வைத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். வெளியே பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும், ஒன்றும் தெரியாது. அதனால்தான் 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, 30 நாளுக்குள் கண் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்பது நம் நாட்டு விதிமுறை. 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 1,200 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ, இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த நாள் தாண்டிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள். "பாவம், பிள்ளையக் கீழ விடாதீங்க. ஸ்கூலுக்குப் போற வயசு வரட்டும், பாத்துக்கலாம்" என்றார்கள். அன்பால் சொன்னதுதான். ஆனால் அப்படி விட்டிருந்தால் அவளுக்கு இரண்டாவது நஷ்டம் வந்திருக்கும்.

ஆரம்பநிலைப் பயிற்சி மையத்து டீச்சர் எங்களுக்கு அதைப் புரிய வைத்தார். கண் தெரிகிற குழந்தை எதற்காகத் தலையைத் தூக்குகிறது? எதையோ பார்க்க. எதற்காகத் தவழ்கிறது? தூரத்தில் தெரிவதை எடுக்க. பார்வை இல்லாத குழந்தைக்கு அந்தத் தூண்டில் கிடையாது. சத்தம் போதாதா என்றால், போதாது. கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டால், அங்கே ஒரு பொருள் இருக்கிறது, கை நீட்டினால் கிடைக்கும் என்று புரியவே ஏறக்குறைய ஒரு வயது ஆகிவிடும். அதுவரை உலகம் அவள் கைக்கு வந்து சேர வேண்டும். "ஸ்கூல்ல சேர்க்கிறப்ப ஆரம்பிச்சா, அஞ்சு வருஷம் அந்தக் கை சும்மா இருந்திருக்கும்" என்றார் டீச்சர்.

வீட்டில் சட்டங்கள் மாறின. பேசாமல் கிட்டப் போய்த் தூக்கக் கூடாது. பெயர் சொல்லி, தொட்டு, அப்புறம்தான் தூக்க வேண்டும். அவள் கையைப் பிடித்து இழுத்து எதன் மேலும் வைக்கக் கூடாது. நம் கையைக் கீழே கொடுத்துக் கூட்டிப் போக வேண்டும். விளையாட்டுச் சாமான் கடைக்குப் போகவே இல்லை. கொட்டாங்கச்சி, தேங்காய் நார், எவர்சில்வர் டம்ளர், ஓலைக் கிலுகிலுப்பை எல்லாம் அடுப்படியிலிருந்தே வந்தன.

இங்கேதான் நம்ம டிபார்ட்மென்ட் வேலை வருகிறது! டென்மார்க்கில் லில்லி நீல்சன் என்ற அம்மையார் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக ஒரு பலகையை உருவாக்கினார். நாலு மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் ஓரம் முழுக்க ஒல்லியான ரீப்பர் சட்டம். அவ்வளவுதான். நடுவில் தாங்கல் இல்லாததால் பலகை மிருதங்கத் தோல் போல அதிரும். தடிமன் கூடினால் அதிராது. டீச்சர் விளக்கினார், நாலடிக்கு நாலடி நானே அறுத்து, முனையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் செய்தேன்.

பத்து மாதத்தில் அவளை அதன் மேல் படுக்க வைத்தோம். குதிகால் ஒருதரம் பட்டது. 'டொம்'. அசையாமல் கிடந்தாள். மறுபடி ஒரு உதை. மறுபடி 'டொம்'. அப்புறம் நகத்தால் சுரண்டினாள், டம்ளரைத் தட்டினாள். சத்தம் காதுக்கு மட்டும் இல்லை, முதுகுக்கும் போகிறதே! 'நான் செய்தால் ஏதோ நடக்கிறது' என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அக்கா கதவோரம் நின்று அழுதாள். ஆனால் அது ஆஸ்பத்திரியில் அழுத அழுகை இல்லை.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. அவளுக்குப் பார்வை வராது. ஒன்றரை வயதில்தான் தவழ்ந்தாள். இப்போது இரண்டரை வயது. நடைவண்டி தள்ளிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுகிறாள். சுவர் வந்தால் வண்டிதான் முதலில் முட்டும், அவள் முட்டமாட்டாள். நம் தாத்தா காலத்து டிசைனை யாரும் குறை சொல்ல முடியாது! என் வாட்சைத் தடவிப் பார்த்து "மாமா" என்கிறாள்.

நண்பர்களே, இரண்டு விஷயம். உங்கள் வீட்டில், தெருவில் குறைமாதக் குழந்தை பிறந்தால், "கண்ணு பாத்தாச்சா?" என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாவிட்டாலும் கேளுங்கள். கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிந்தாலோ, மூன்று மாதமாகியும் முகம் பார்க்காவிட்டாலோ காத்திருக்காதீர்கள். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்ட அளவில் இதற்கான மையங்கள் உண்டு. விசாரித்துக் கூட்டிப் போங்கள்.

இரண்டாவது, நம் ஒர்க்‌ஷாப் மூலையில் கிடக்கும் பிளைவுட் துண்டுகள். ஒரு பலகைக்கு ஒரு மதியம் போதும். யாராவது கேட்டு வந்தால் அளவு தருகிறேன், கூட நின்று அறுத்தும் தருகிறேன்.

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்