உப்பு வாரும் நாவல்

இந்த ஜனவரியில் என் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது. பதினோரு கதைகள், எழுத ஒன்பது ஆண்டுகள். 2003இல் என் முதல் புத்தகத்தை, நூலக ஆணையை நம்பி 1,200 பிரதிகள் அச்சிட்டார்கள். இம்முறை 300. தீரத் தீர அச்சிட்டுக்கொள்ளலாம் என்றார் பதிப்பாளர். எண்ணிக்கை குறைந்தாலும் புத்தகம் கிடைக்காமல் போகாது என்பது எனக்கு நிம்மதி.

நந்தனம் புத்தகக் காட்சியில் கையெழுத்து வாங்கிய வாசகர் ஒருவர், "அடுத்து என்ன எழுதுறீங்க?" என்றார். "உப்பு" என்றேன்.

நான்கு ஆண்டுகளாகத் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் வருகிறேன். நாட்டின் உப்பு உற்பத்தியில் தமிழகத்துக்கும் முக்கிய இடம் உண்டு. அதில் பெரும்பங்கு இந்தக் கரையுடையது. கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறக்குறைய 3 டிகிரி. பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் சுண்டி, 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு பூக்கும். அதற்கு முன் இறங்கினால் கையில் வெறும் நீர். 30 டிகிரிவரை விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசந்துவிடும். அதற்குள் அந்த நீரை வெளியேற்றிவிட வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் தொகுப்பை வேறு கண்ணோடு படித்தேன். சிறப்பிதழ் ஒன்றின் கெடுவுக்காக அவசரமாகக் கொடுத்த கதை இன்னும் நீராகவே இருக்கிறது. ஆறு ஆண்டுகள் வைத்துத் திருத்திய இன்னொன்றில் என் பழைய கோபம் கசப்பாக ஏறிவிட்டது. மற்றவை பதத்தில் இறங்கியவை என்று நம்புகிறேன்.

உப்பு நாவலுக்கும் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். எழுத்தாளர் சி.சு. செல்லப்பாவின் 'சுதந்திர தாகம்' 1997இல் மூன்று பாகங்களாக வந்தது. அப்போது அவர் எண்பதைக் கடந்தவர். இளமையில் கண்ட போராட்டக் காலத்தை அத்தனை ஆண்டுகள் கழித்து நாவலாக்கினார். மேசையில் கிடக்கும் என் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து மனம் பதறும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் காத்திருப்பதைவிடக் கடினமான ஒன்று என் நாவலில் இருக்கிறது. அளத்தில் வேலை செய்பவர்களுக்கு என்னோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பது மழைக்காலத்தில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகளில் மழைநீர் நிற்கும். வேலை இருக்காது, கூலியும் இருக்காது. கடன் வாங்கி உலை வைக்கும் அந்த மாதங்களில்தான் அவர்கள் திண்ணைகளில் உட்கார்ந்து என் குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு திரும்புகிறேன். அவர்களுடைய வறண்ட மாதங்கள் என் விளைச்சல் காலமாக இருப்பது உறுத்துகிறது. இதற்கு ஈடாக நான் தரக்கூடியது ஒன்றுதான்: எழுதியதை முதலில் அவர்களுக்கே வாசித்துக் காட்டுவது.

போன நவம்பரில் முதல் அத்தியாயத்தை வாசித்தேன். நாற்பது ஆண்டுகள் அளத்தில் நின்ற அக்கா ஒருவர், வெண்மையின் கூச்சத்தில் மங்கிப்போன கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கையை உயர்த்தினார்.

"உப்பை அள்ளுதாவன்னு எழுதியிருக்கீயளே தம்பி. நாங்க வாருதோம்லா?"

எழுந்து நின்று செய்தும் காட்டினார். நீண்ட கம்பைப் பிடித்து, இடுப்பை வளைத்து, பலகையை நீருக்குள் ஓட்டி, உப்பைத் தன் பக்கம் இழுத்து இழுத்து வரப்போரம் சேர்த்தார். வெறும் திண்ணையில் செய்தபோதே அவருக்கு மூச்சு வாங்கியது.

அள்ளுவது ஒரு நொடி வேலை. வாருவது உடம்பு முழுவதும் தேயும் வேலை. ஒரு சொல்லை மாற்றினால் தீரக்கூடிய பிழையாக அது எனக்குத் தெரியவில்லை. அந்த அத்தியாயத்தை ஓரமாக வைத்துவிட்டேன். வரும் மே மாதம் அக்காவின் மகள் அளத்துக்குக் கிளம்பும் அதிகாலை இருட்டில் நானும் கூடப் போகிறேன். அவர் வாரி முடிக்கும்வரை வரப்பில் நின்று பார்த்த பிறகுதான் அந்த அத்தியாயத்தின் முதல் வரியை எழுத வேண்டும்.