ஓய்வில்லா ஆவணி

விடுமுறை என்ற சொல் வேலையை விட்டிருக்கும் காலத்தைக் குறிப்பது. அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இப்பொருள் பொருந்தலாம். யாழ்ப்பாணத்துக் கிராமத்து வீட்டுக்கு அது சிறிதும் பொருந்துவதில்லை. அங்கே ஆண்டு முழுவதும் ஒத்திவைக்கப்பட்ட வேலைகள் யாவும் ஒன்றுசேர்ந்து ஆவணி மாதத்திலேயே வாசலில் வந்து நிற்கும். இதற்குத் தக்க காரணங்களும் உள. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமற்ற இக்குடாநாடு, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைச் சுண்ணக்கற் பாறைக்குள் தேக்கிவைத்து, எஞ்சிய மாதங்களைக் கிணற்று நீரைக்கொண்டே கழிப்பது. ஆவணியில் கிணற்று நீர் தாழ்ந்து நிற்கும். ஆகவே அதனைத் துப்புரவு செய்ய அதுவே தருணம். சோளகக் காற்றில் எதுவும் விரைவில் உலரும். மாரி தொடங்குவதற்கு முன் வேலியை அடைத்து முடிக்கவும் அதுவே தருணம். பனம்பழம் விழத் தொடங்குவதும் அக்காலத்தில்தான். கத்தோலிக்கக் குடும்பமாயின் மடுவின் ஆவணித் திருவிழாவும் அம்மாதத்திலேயே வரும். அண்மைப் பத்தாண்டுகளில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடப்படும் காலம் அதுவாதலால், புலம்பெயர்ந்த பிள்ளைகள் ஊருக்கு வந்து போவதும் அப்பொழுதே.

வலிகாமத்துச் சிற்றூரொன்றிலுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் 2018ஆம் ஆண்டின் ஆவணி கழிந்த விதத்தை இங்கு நோக்கலாம். தகப்பனார் வெங்காயமும் மரவள்ளியும் செய்யும் தோட்டக்காரர், வயது அறுபத்தேழு. மூத்த மகன் 2008ஆம் ஆண்டில் நாட்டை விட்டுச் சென்றவன்; ரொறன்ரோவில் குடும்பமாகி, பத்தாண்டுகளின் பின் மனைவியோடும் எட்டு வயது மகளோடும் நான்கு வார விடுமுறையில் வந்திருந்தான். நடுவிலாள் பேராதனையில் கலைப்பீட மாணவி. கடைசி மகன் அடுத்த ஆண்டில் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற இருந்தவன். ஐவராய் இருந்த குடும்பம் பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரே கூரையின் கீழ் ஒன்றுகூடியது அந்த நான்கு வாரங்களில் மாத்திரமே.

தகப்பனார் அவ்வாண்டு நாட்காட்டியின் பின்புறத்தில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். கிணறு இறைத்தல், கூரையோடு மாற்றுதல், சுவருக்கு வெள்ளையடித்தல், மடு, கோவிற் பெருநாள், வேலி, பனம்பாத்தி என ஏழு வேலைகள் அதில் இருந்தன. மகன் வந்திறங்கிய மறுநாட் காலையிலேயே முதலாவது வேலை தொடங்கிற்று.

நீரிறைக்கும் இயந்திரத்தை இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டு, சகோதரர் இருவரும் கிணற்றுக்குள் இறங்கிச் சேற்றை வாளி வாளியாக நிரப்பினர். மேலே நின்று கயிற்றை இழுத்தவர்கள் தகப்பனாரும் மகளும். சேற்றோடு ஒரு செம்பும், இரண்டு வாளிகளின் கைப்பிடிகளும், எவருக்கும் நினைவில்லாத ஒரு திறப்பும் வந்தன. ரொறன்ரோவில் பிறந்த சிறுமி அவற்றைக் கழுவிக் கிணற்றுக்கட்டில் வரிசையாக வைத்தாள். பக்கத்து வளவில் தனித்து வாழும் ஆச்சி வேலிப் பொட்டால் நுழைந்து வந்து, புதிதாய் ஊறிய நீரின் முதற் குடத்தை எடுத்துச் சென்றார். ஆச்சியின் கிணறு உவர்; இரண்டு தலைமுறையாகக் குடிநீர் இவ்வீட்டுக் கிணற்றிலிருந்தே சென்றது. ஆச்சி சைவர், பிள்ளைகள் சுவிற்சர்லாந்திலும் இலண்டனிலும் உள்ளனர். வேலியிலிருந்த அந்தப் பொட்டு இரு வீட்டாரும் தெரிந்தே அடையாமல் விட்ட ஒன்று.

வேலியைப் பற்றிய பேச்சு அன்றிரவே எழுந்தது. மூத்த மகன் அதற்கு ஆயத்தமாகவே வந்திருந்தான். வளவைச் சுற்றி மதில் கட்டுவதற்கான பணத்தை அவன் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்திருந்தான். அவன் கூறிய நியாயங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. ஓலை வேலி இரண்டு மாரி தாங்கினால் அதிகம். கறையான் அரிக்கும். வெட்டுவதற்கும் மிதிப்பதற்கும் கட்டுவதற்கும் ஆள் தேடவேண்டும். ஊரிலே ஆள் இல்லை. தகப்பனாரால் இனி ஏணியில் ஏறவும் முடியாது, ஓலை மிதிக்கவும் முடியாது. தாயாரும் மகனின் பக்கமே நின்றார். “இரவிலை நாய் குரைச்சா நான்தான் எழும்பிப் பாக்கிறன்” என்று அவர் சொன்னபோது தகப்பனாரிடம் மறுமொழி இருக்கவில்லை. சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, “மதில் கட்ட வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை, தம்பி. ஆச்சி எதாலை வாறது?” என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் வீடுவாசலை விட்டெழுந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, இவ்விரு குடும்பங்களும் ஒன்றாகவே நடந்தன. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது இரு வளவுகளுக்குமிடையே வேலி இருக்கவில்லை. ஓலையும் கதியாலும் எவரது அடுப்புக்கோ போயிருந்தன. அப்பொழுது ஆச்சியின் கணவர் ஒருபுறமும் தகப்பனார் மறுபுறமும் நின்று அவ்வேலியை அடைத்தனர். பொட்டையும் அவர்களே விட்டனர். ஆச்சியின் கணவர் பின்னர் காலமானார். மதிலா வேலியா என்ற வழக்கு அன்றிரவு தீரவில்லை.

அதற்கிடையில் மடுவுக்குப் புறப்படும் நாள் வந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் அன்னையின் திருவுருவத்தை இக்காட்டுக்குக் கொண்டுவந்தன என்பது மரபு. இடம்பெயர்தல் அத்திருவுருவத்துக்கும் புதியதன்று. 2008ஆம் ஆண்டு சித்திரையில் போர் நெருங்கியபோது அது தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஆவணியில் மீண்டது. மூத்த மகன் நாட்டை விட்டுப் புறப்பட்டதும் அவ்வாண்டிலேயே. மகன் உயிரோடு திரும்பி முன்னே நின்றால் குடும்பத்தோடு மடுவுக்கு வருவதாகத் தாயார் அன்று நேர்ந்திருந்தார். பத்து ஆண்டுகளாகக் காத்திருந்த நேர்த்தி அது.

பூநகரி வழியாக வாடகை வானில் சென்று, இரண்டு இரவுகள் மரங்களின் கீழ்ப் படங்கு கட்டித் தங்கினர். அடுத்த மரத்தடியில் நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் குடும்பமொன்று தங்கியிருந்தது. தாயார் திருவலையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். அவர்கள் தங்களுடையதைத் தந்தனர். அவர்களிடம் விறகு குறைந்தபோது இங்கிருந்து சென்றது. இருமொழியிலும் செபமாலை ஒலித்தது. ஆவணி 15ஆந் திகதித் திருப்பலியில் தாயார் எதையும் கேட்டு மன்றாடியதாகத் தோன்றவில்லை. மூத்தவனின் சட்டைக் கையை ஒரு சிறு பிள்ளையின் சட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டே நின்றார். அவனுக்கு அப்பொழுது முப்பத்தாறு வயது.

திரும்பிவந்த கிழமையில் நல்லூரிற் கொடியேறியது, ஆச்சி விரதம். ஊர்க் கோவிற் பெருநாளுக்கோ பத்து நாட்களே இருந்தன. பங்கின் இளையோர் ஒன்றியம் அவ்வாண்டு தென்மோடிக் கூத்தொன்றை மேடையேற்ற எண்ணியிருந்தது. விடிய விடிய ஆடவேண்டிய கூத்து அது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்த செய்தியைப் படித்திருந்த நடுவிலாள், அதனை ஒன்றரை மணித்தியாலத்துக்கு அமைத்திருந்தாள். எதை வெட்டுவது என்பதில் அண்ணாவியாரோடு அவளுக்கு நாள்தோறும் வழக்கு. பாட்டை வெட்டுவதற்கு இணங்கிய முதியவர் ஆட்டத்தை வெட்டுவதற்கு இணங்கவில்லை. காலில்லாத கூத்து நடக்குமா என்று கேட்டார். ஈற்றில் வரவு ஆட்டங்கள் முழுமையாகத் தப்பின, உரையாடல்கள் பாதியாயின.

ஒன்றியத்திலே பெயர்கள் நாற்பது. ஒத்திகைக்கு வருவோர் பதினான்கு. ஏனையோர் கொழும்பிலும் கட்டாரிலும் கனடாவிலும் இருந்தனர். அரச வேடம் பூண இருந்த இளைஞனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்து, பெருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கையில் அவனும் புறப்பட்டான். வேடம் கடைசி மகனிடம் வந்தது. மூத்தவன் 2004ஆம் ஆண்டில், போர்நிறுத்தம் நிலவிய காலத்தில், இதே கூத்தில் மந்திரியாக ஆடியவன். பாட்டுகள் பாதிதான் நினைவில் இருந்தன. ஆயினும் மத்தளம் ஒலித்ததும் காலடிகள் தாமாகவே வந்தன. இரவுச் சாப்பாட்டின் பின் முற்றத்தில் அண்ணன் தம்பிக்கு ஆட்டம் பழக்கினான். வீட்டை விட்டு அவன் சென்றபோது தம்பிக்கு ஏழு வயது. தொலைபேசியில் “படிக்கிறியா?” என்பதற்கு அப்பால் எதையும் பேசியறியாத இருவரும், அந்த ஒன்பது இரவுகளில் ஒருவரையொருவர் அறியத் தொடங்கினர்.

மதில் வழக்கு அப்படியே கிடந்தது. ஆனால் பழைய வேலி ஓரிடத்தில் அடியோடு சாய்ந்துவிட்டது. இருந்தபடி விடமுடியாதாகையால் தகப்பனார் ஓலை வெட்டுவித்தார். மிதிப்பதற்கு ஆளில்லை என்பது கேட்டுக் கூத்துப் பெடியன்கள் எண்மர் ஒரு காலையில் வந்து சேர்ந்தனர். அண்ணாவியாரின் தாளக்கட்டைச் சொல்லிக்கொண்டே அவர்கள் ஓலை மிதித்தார்கள். ஒத்திகையும் ஆயிற்று, ஓலையும் படிந்தது.

ஓலை வேலி அடைக்கும் முறையை இங்குச் சிறிது கூறுதல் வேண்டும். கதியால்களோடு ஓலையை நிரையாகச் சார்த்தி, இரு புறமும் வரிச்சு வைத்துக் கட்டுவர். குத்தூசியிற் கயிறு கோத்து ஒருவர் தம் பக்கத்திலிருந்து குத்த, மறுபக்கத்தில் நிற்பவர் கயிற்றை வாங்கி, வரிச்சைச் சுற்றி, திரும்பவும் ஊசியிற் கோத்து அனுப்புவார். இடையில் ஓலை நிற்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. குரலைக்கொண்டே வேலை நடக்கும். இரு வளவுக்குமிடைப்பட்ட வேலியை ஒரு வீட்டார் மட்டும் தனித்து அடைத்தல் இயலாது. மறுபக்கத்தில், அயலாரின் மண்ணில், ஒருவர் நிற்றல் வேண்டும்.

ஆச்சியின் பக்கம் நிற்பதற்கு அவ்வீட்டில் எவருமில்லை. மூத்த மகன் எதுவும் சொல்லாமல் பொட்டால் நுழைந்து மறுபக்கம் சென்றான். ஆச்சியின் கணவர் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நின்ற இடம் அது. அவனது மகளும் பின்னால் ஓடினாள். “குத்துறன்” என்று தகப்பனார் சொல்ல, “வாங்கியிட்டன்” என்று மகன் சொல்ல, சிறுமி இரு சொற்களையும் ஒருமுறை தமிழிலும் பலமுறை சிரிப்பிலும் திருப்பிச் சொன்னாள். நண்பகலுக்குள் மகனின் உள்ளங்கைகள் கொப்பளித்துவிட்டன. ஆச்சி விரதக்காரராயினும் பெடியன்களுக்குப் பனங்காய்ப் பணியாரம் சுட்டு, சுளகில் வைத்துக் கொண்டுவந்தார். பொட்டு இருந்த இடத்தை நெருங்கியதும் மகன் கயிற்றை இழுத்து முடிந்து, “இதோடை காணும், அப்பா” என்றான்.

மதில் வீதிப் பக்கத்தில் மாத்திரம் எழுப்பப்பட்டது. தாயாரின் அச்சத்துக்கு அது விடையாயிற்று. ஆச்சி பக்கத்து எல்லை ஓலை வேலியாகவே நின்றது. இதனைப் பழைமைக்குக் கிடைத்த வெற்றியென எவரும் கொள்ளலாகாது. அவ்வேலியும் இரண்டு மாரிகளுக்கே. அதன்பின் ஓலை மிதிக்க எவர் இருப்பர், மறுபக்கத்தில் எவர் நிற்பர் என்ற வினாக்கள் அப்படியே உள்ளன. மதிலை எழுப்பப் பணமும் ஒரு மேசனும் போதும். வேலிக்கோ ஆட்கள் வேண்டும். ஆட்களோ ஆண்டுதோறும் குறைகின்றனர். பெருநாளிரவு அரசனாக ஆடிய கடைசி மகனைப் பார்த்து ஊரார் மகிழ்ந்தபோது, அடுத்த ஆண்டு பரீட்சை முடிந்ததும் இவனும் போய்விடுவானோ என்று தாயார் பக்கத்திலிருந்தவரைக் கேட்டதும் இதனாலேதான்.

பட்டியலில் எஞ்சியிருந்தது பாத்தி ஒன்றே. கூரையோடு மாற்றுதல் அவ்வாண்டும் நிறைவேறவில்லை. புறப்படுவதற்கு முதல்நாள், களி எடுத்த பனங்கொட்டைகளைச் சிறுமி கடகத்திற் சுமந்துவர, தகப்பனாரும் மகனும் அவற்றைப் பாத்தியில் அடுக்கி மண்ணிட்டனர். இவை எப்போது முளைக்கும் என்று கேட்ட பிள்ளைக்கு, தைமாதமளவில் கிழங்கு கிண்டலாம் என்று அப்பப்பா விடை சொன்னார். தான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்பது அவளுக்கு உடனே விளங்கவில்லை, விளங்கியபோது அழுதாள்.

தையிற் கிழங்கு கிண்டியவர்கள் தகப்பனாரும் கடைசி மகனும். பாதியைக் கீறிக் காயவைத்து ஒடியலாக்கி, இரண்டு கிலோப் பொதியொன்றை ரொறன்ரோவுக்கு அனுப்பினர். அதைக் கட்டியவர் ஆச்சி. முகவரியைத் தம்பி எழுதினான். முதன்முறையாக, அண்ணனின் பெயருக்கு மேலே அந்தச் சிறுமியின் பெயரை எழுதினான்.