ஆற்றுக்கு அக்கரையில் ஒரு நிலையம்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இருப்புப்பாதையில், செய்துங்கநல்லூரையும் தாதன்குளத்தையும் கடந்த பின் வருவது ஸ்ரீவைகுண்டம் நிலையம். ஊரின் பெயரைத் தாங்கியிருப்பினும் அந்நிலையம் ஊருக்குள் இல்லை. ஊர் தாமிரபரணியின் வடகரையில் இருக்கிறது. நிலையமோ தென்கரையில், புதுக்குடியில் இருக்கிறது. வண்டியை விட்டு இறங்குவோர் ஆற்றைக் கடந்தே ஊருக்குள் புக வேண்டும். ஆகவே, வெளியூர் சென்ற பிள்ளை வீடு திரும்பும்போது அவனை முதலில் எதிர்கொள்வது ஆறுதான். பெற்றவள் அதற்குப் பிறகுதான்.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலை, நாம் நம் தமக்கையின் மகனோடு அந்நிலையத்தில் வந்து இறங்கினோம். பொறியியல் மேற்படிப்புக்காக 2018-இல் ஜெர்மனி நாட்டுப் பெர்லின் நகருக்குச் சென்றவன் அவன். படிப்பை முடித்து அங்கேயே ஆராய்ச்சி மாணவனாகத் தொடர்ந்துகொண்டிருந்தான். நெல்லைச் சந்திப்பில் அவனை எதிர்கொண்டு அழைத்து வந்தோம். மூட்டை முடிச்சுகளை ஒரு தானியங்கியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, “நடந்தே போவோம், மாமா” என்றான். நாமும் இசைந்தோம்.

ஆற்றங்கரையை அடைந்ததும் அணைக்கட்டு கண்ணில் பட்டது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளில் இறுதியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. ஆங்கிலேயர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. வடகால், தென்கால் என இரு கால்வாய்கள் இங்கிருந்து பிரிந்து இரு கரையிலும் உள்ள குளங்களை நிரப்புகின்றன. தென்காலின் நீரால் நிறைவதே கடம்பா குளம். கோடையாதலின் ஆற்றில் நீர் மெலிந்து, மணல் திட்டுகளில் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன.

மேற்கே கை நீட்டி, “ஆதிச்சநல்லூர் அங்கேதானே இருக்கிறது?” என்று கேட்டோம். அவன் நகைத்தான். நகைப்புக்குக் காரணம் உண்டு. திருச்செந்தூர்ச் சாலையில், இவ்வூருக்குச் சற்று மேற்கேயுள்ள அப்பறம்பில் 1876-இல் முதன்முதலாக அகழ்ந்து பார்த்தவர் பெர்லினைச் சேர்ந்த யாகோர் என்னும் அறிஞர். தாம் எடுத்த பொருள்களை அவர் தம் நகருக்கே கொண்டு சென்றார். அலெக்சாண்டர் ரீ என்பவர் இங்கே விரிவாக ஆய்வு நடத்தியது அதற்குப் பல்லாண்டுகள் கழித்து, 1899-க்குப் பின்னர்தான். எனவே, நம் மருமகனுக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இப்பக்கத்திலிருந்து பெர்லினுக்குக் குடிபெயர்ந்தவை நம் முன்னோரின் புதைபொருள்கள்! அவன் புறப்பட்ட நாளில் இதைச் சொல்லியே வாழ்த்தி அனுப்பினோம். “ஊர் நினைவு வரும்போது அந்தப் பழம்பொருள்களை நினைத்துக்கொள், பெருமிதம் பிறக்கும்” என்று அறிவுரையும் கூறியிருந்தோம்.

“மாமா, ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? ஊர் நினைவு வந்த எந்த நாளும் எனக்கு முதுமக்கள் தாழி நினைவுக்கு வரவில்லை. நேசமணிதான் நினைவுக்கு வந்தார்” என்றான்.

இந்த நேசமணி யார் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டும். அதை விளக்க முற்படின், நம் குறை ஒன்றையும் உடன் சொல்ல வேண்டியிருக்கும்.

2001-இல் வெளிவந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்னும் திரைப்படத்தில் நகைச்சுவை நடிகர் வடிவேலு ஏற்ற பாத்திரத்தின் பெயர் காண்ட்ராக்டர் நேசமணி. அவர் தலையில் ஒரு சுத்தியல் விழுகிறது, அவ்வளவுதான் காட்சி. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2019 மே மாத இறுதியில், பொறியியல் தொடர்பான ஓர் இணையப் பக்கம் ஒரு சுத்தியலின் படத்தை வெளியிட்டு, இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்டது. அதற்கு மறுமொழி எழுதிய தமிழர் ஒருவர், அச்சுத்தியல் நேசமணியின் தலையில் விழுந்த கதையை மெய்ச்செய்திபோல் எழுதிவிட்டார். நேசமணிக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்னும் முழக்கம் ஓரிரு நாளில் உலகெங்கும் பரவியது. தமிழே அறியாதோரும் அந்த மனிதர் பிழைத்துவிட்டாரா என்று கவலையோடு கேட்டனர்.

அந்நாள்களில் ஒரு காலை பெர்லினிலிருந்து தொலைபேசி வந்தது. “மாமா, நேசமணிக்காக ஒரு பூசை வையுங்கள்” என்றான் மருமகன். நம் பகுதியில் நேசமணி என்னும் பெயருடையோர் பலர் உண்டு. நாமும் பூசைக்கருத்து எழுதும் ஏட்டை விரித்து, எழுதுகோலைக் கையிலெடுத்து, “எந்த ஊர் நேசமணி? நோயா, விபத்தா?” என்று வினவினோம். மறுமுனையில் ஒரே சிரிப்பு. அவனோடு அறையிலிருந்த வேறு பிள்ளைகளும் சிரித்தது கேட்டது. செய்தியை அறிந்ததும் நமக்குச் சினம் மூண்டது. செபமும் பூசையும் விளையாட்டுப் பொருள்களா என்றும், இதற்காகவா உன் தாய் நகையை அடகு வைத்து அனுப்பினாள் என்றும், கடிந்து பேசித் தொலைபேசியை வைத்துவிட்டோம். அதன்பின் அவனிடமிருந்து கிறிஸ்துமசுக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் மட்டுமே அழைப்பு வந்தது. அதுவும் அளந்து பேசிய சொற்களோடு. நாமும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

நாம் அன்று மறந்துவிட்டது ஒன்று உண்டு. 1982-இல், நம் பதினான்காம் வயதில், வீட்டிலிருந்து சில கல் தொலைவிலிருந்த இளங்குருமடத்தில் சேர்ந்தோம். பெர்லின் தொலைவு அன்று. ஆயினும் முதல் மாதம் முழுவதும் இரவில் போர்வைக்குள் அழுதோம். அந்தத் துயரைத் தணித்தது புனிதர் வரலாறு அன்று. மதிலுக்கு அப்பால் ஒரு தேநீர்க்கடை இருந்தது. அங்கே இலங்கை வானொலி ஒலிக்கும். தென்கோடிக் கரையோர மக்களுக்கு மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் சொந்த உறவினரின் குரல்கள் போன்றவை. ஒரு மாலை அவ்வானொலியில், ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம் இழையும் அந்தப் பாடல் வந்தது. 1962-இல் வந்த படம். நாம் பிறக்கும் முன்னரே எழுந்த இசை. காருகுறிச்சியும் இத்தாமிரபரணிக் கரை ஊரே. நம் தெருவின் கலியாண வீடுகளில் ஒலிபெருக்கி கட்டியவுடன் தவறாமல் போடும் இசைத்தட்டு அது. மதிலோரம் நின்று கேட்டபோது, பந்தலும், வாழைக்குலையும், அம்மாவின் ஈரக்கையும் அந்த நாதசுரத்துக்குள் இருந்தன. கண்காணிப்பாளர் சுவாமி நம்மைக் கண்டும் காணாதவர்போல் கடந்து சென்றார். அவர் காட்டிய பெருந்தன்மையை நாம் நம் மருமகனுக்குக் காட்டவில்லை.

அதை நமக்கு உணர்த்தியது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை இவ்விதழின் வாசகர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி, ஏறத்தாழ 800 பயணிகளோடு 17-ஆம் நாள் இரவு இந்த ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. முன்னே தண்டவாளத்தின் அடியிலிருந்த கல்லும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டிருந்தன. சிலர் அருகிலிருந்த பள்ளியில் தங்க வைக்கப்பட்டனர். எஞ்சியோர் 19-ஆம் நாள் வரை நிலையத்திலேயே சிக்கியிருந்தனர். தங்கள் வீடுகளையும் நீர் சூழ்ந்திருக்க, புதுக்குடி மக்கள் ஊர்க்கோயிலில் அடுப்பு மூட்டி அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள்.

ஊரில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. தமக்கையின் நிலை நமக்கும் தெரியவில்லை. மேட்டுப்பாங்கான நம் பங்கிலிருந்து புறப்படச் சாலையும் இல்லை. 18-ஆம் நாள் இரவு பெர்லினிலிருந்து அழைப்பு வந்தது. “மாமா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா?” என்று கேட்டான். நான்காண்டுகளாக அவன் நம்மிடம் பேசிய அளந்த தமிழ் அன்று அதில் இல்லை. தெரியவில்லை என்பதைத் தவிர நம்மிடம் விடை இல்லை. பின்னர் தயங்கியபடி, “நானும் மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கிறோம். தூங்க முடியவில்லை. வடிவேலு படம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம், கோபப்படாதீர்கள்” என்றான். தாய் உயிரோடிருக்கிறாளா என்று அறியாத பிள்ளை, அந்த இரவிலும் நம் கடிந்துரைக்கு அஞ்சினான் என்பது நம் நெஞ்சில் தைத்தது. “பார், ஐயா. சத்தத்தைக் கூட்டி வை; நானும் கேட்கிறேன்” என்றோம். நேசமணியின் தலையில் சுத்தியல் விழும் ஓசையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். ஆயிரக்கணக்கான கல் தொலைவில் நான்கு பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவே ஒருவன் அழுததும் கேட்டது.

பபிலோன் ஆற்றங்கரையில் அமர்ந்து சீயோனை நினைத்து அழுத மக்கள், தங்கள் யாழ்களை மரங்களில் மாட்டிவிட்டனர் என்று திருப்பாடல் ஆசிரியர் கூறுகிறார். பாட இயலாத துயரம் அது. நம் பிள்ளைகளின் யாழ் கைப்பேசிக்குள் இருக்கிறது. அதை அவர்கள் மாட்டி வைக்கவில்லை என்பதற்காக நாம் மகிழ வேண்டுமேயன்றிச் சினத்தல் ஆகாது என அன்று புரிந்தது. மூன்றாம் நாள் தமக்கை பேசினாள். தரைத்தளம் மூழ்க, அண்டை வீட்டாரோடு மாடியில் தங்கிப் பிழைத்திருந்தாள். மகனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, “ஏல, சாப்பிட்டியா?” என்பதாம்.

இவற்றையெல்லாம் நினைந்தவாறு ஆற்றைக் கடந்து ஊருக்குள் நுழைந்தோம். கள்ளபிரான் கோயிலின் கோபுரம் மாலை வெயிலில் பொன்னிறமாக நின்றது. இவ்வூரில் பிறந்த குமரகுருபரரின் பெயரைத் தாங்கிய கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்புலவர் ஐந்து வயது வரை பேசாதிருந்து, திருச்செந்தூரில் பேச்சுப் பெற்றார் என்பது மரபு. பின்னர் காசிக்குச் சென்று, அங்குள்ளோர் மொழியைக் கற்று, அங்கேயே மடம் நிறுவினார். “இவ்வூரின் முதல் அயலூர் மாணவர் அவர்தான்” என்றோம் வேடிக்கையாக. மருமகன் சற்று எண்ணிப் பார்த்து, “காசியில் அவர் தனியாக இருந்தபோது தாலாட்டையோ ஒரு தெருப்பாட்டையோ முணுமுணுத்திருப்பார், மாமா” என்றான். மறுக்க நமக்கு மனம் வரவில்லை.

வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற மட்டம் ஒரு பழுப்புக் கோடாக இன்னும் தெரிந்தது. சுண்ணாம்பு அடிக்கத் தமக்கை ஒப்பவில்லையாம். மகன் பார்த்த பிறகே அடிக்க வேண்டும் என்று வைத்திருந்தாள். அவன் அக்கோட்டின் அருகே நின்று தன் மார்பளவு என்று அளந்து பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. இரவு உணவின்போது, பெர்லினின் மஞ்சள் நிறச் சுரங்க இரயிலையும், துருக்கியர் கடை ரொட்டியின் மணத்தையும் இரண்டே நாளில் மனம் தேடுவதாகச் சொன்னான். தமக்கையின் முகம் சிறிது வாடிற்று. “தேடட்டும், அக்கா. அங்கே அவனுக்குச் சோறிட்ட ஊர் அல்லவா?” என்றோம்.

அன்பார்ந்த பெற்றோரே, அயல்நாட்டில் பயிலும் பிள்ளை தொலைபேசியில் அழைத்தால், தேர்வு என்ன ஆயிற்று, பணம் மிச்சமா, ஞாயிறு பூசை கண்டாயா என்று தொடங்காதீர்கள். அவையெல்லாம் பின்னர்க் கேட்கலாம். முருங்கை பூத்ததையும், எதிர்வீட்டுக் கலியாணத்தில் ஒலித்த பாட்டையும் முதலில் சொல்லுங்கள். அவன் சிரித்தால் உடன் சிரியுங்கள்.

பத்து நாள் கழித்து அவனை வழியனுப்ப மீண்டும் அதே நிலையத்துக்கு வந்தோம். பயணிகள் பட்டினி கிடந்த நடைமேடையில் ஒரு முதியவர் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். மருமகன் ஒரு கட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். வண்டி நகர்ந்ததும் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, “மாமா, நேசமணிக்குப் பூசை?” என்று கத்தினான்.

“எழுதியாயிற்று!” என்று நாமும் உரக்கக் கூறினோம். மெய்யாகவே எழுதியிருந்தோம், பூசைக்கருத்து ஏட்டில், அந்தப் பெயருக்கு நேரே, தொலைவில் வாழும் நம் பிள்ளைகள் அனைவருக்காகவும் என்று.