நெடுந்தீவுக் குதிரைகளும் வலிகாமத்துச் செம்மண்ணும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகிற் சென்றால் நெடுந்தீவு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் இப்பயணம் வயிற்றைக் கலக்கிவிடும். நாமும் எம் வகுப்பு மாணவர் சிலரும் சென்ற அன்று கடல் எம்மீது இரக்கங் கொண்டிருந்தது.

தீவிலே முதலிற் கண்ணைக் கவர்வன கல்மதில்களே. வளவுக்கு வளவு, தோட்டத்துக்குத் தோட்டம், சாந்து எதுவுமின்றிப் பவளக்கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி எழுப்பியிருக்கிறார்கள். ஆடு மாடுகள் பயிரை மேயாது தடுப்பதற்கு அமைந்த வேலியே இது. கால்நடைகள் அத்துணை மிகுந்திருந்தன போலும். போர்த்துக்கேயர் இத்தீவைப் ‘பசுக்களின் தீவு’ என்று பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். பின் வந்த ஒல்லாந்தரோ தம் நாட்டு நகரொன்றின் பெயரால் ‘டெல்வ்ற்’ என்றனர். பெயரை மாற்றியவர்களால் பசுவை மாற்ற முடியவில்லை.

தீவின் தென்புறத்து வெளியிலே குதிரைகளைக் கண்டோம். உயரங் குறைந்தவை, மண்ணிறமும் கருஞ்செம்மையும் கலந்தவை. கடிவாளம் அறியாதவை. எம்மைக் கண்டு சற்று விலகினவேயன்றி ஓடவில்லை. ஐரோப்பியர் கொணர்ந்து வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆங்கிலேயர் சார்பில் தீவை நிருவகித்த நோலன் என்ற படை அதிகாரி குதிரை வளர்ப்பில் பெரிதும் ஊக்கங் காட்டினார். இடிந்த லாயத்தின் கற்றூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. ஆட்சியாளர் சென்றனர், குதிரைகள் தங்கிவிட்டன. 2015இல் அவை மேயும் நிலப்பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆயினும் வரட்சி முற்றிய மாதங்களில் தண்ணீரின்றி அவை மடிவதைத் தீவார் கவலையோடு கூறுகின்றனர்.

“இவற்றால் யாருக்கு என்ன பயன், ஐயா?” என்று மாணவனொருவன் கேட்டான். உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. குதிரையே இல்லாத ஒரு நாட்டைப் பற்றிய எண்ணந்தான் எமக்கு எழுந்தது. மதில் நிழலில் அமர்ந்து அதனையே மாணவர்க்குச் சொன்னோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கிலே, நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், சாக்கோ என்றொரு வறண்ட பள்ளத்தாக்கு உண்டு. கி.பி. 850 முதல் 1150 வரை புவெப்லோ மக்களின் முன்னோர் அங்கே கல்லால் மாளிகைகள் எழுப்பினர். அவற்றுள் ஒன்றில் மட்டும் 600க்கு மேற்பட்ட அறைகள். கூரைகளுக்கென்று இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மரங்களைக் கொணர்ந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பு. அவற்றுட் பல 75 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மலைகளிலிருந்து வந்தவை. வண்டியில்லை, எருதில்லை, குதிரையில்லை. அத்தனையும் மனிதர் தோளிலேயே வந்தன! அவர்களிடமிருந்த வளர்ப்பு விலங்குகள் நாயும் வான்கோழியும் மாத்திரமே. வான்கோழியையுங்கூட நெடுங்காலம் இறகுக்காகவே பேணினர். இறகைக் கயிற்றில் முறுக்கிப் போர்வை செய்தனர். அமெரிக்கக் கண்டத்திலே ஒருகாலத்தில் திரிந்த காட்டுக் குதிரைகள் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயின.

“அவர்களிடம் மாடு இருந்திருந்தால் இன்னும் பெரிய நகரங்களைக் கட்டியிருப்பார்கள்” என்றான் அதே மாணவன். இருக்கலாம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த கொடிய வரட்சியின்போது, கால்நடையின் பாலும் ஊனும் பல குடும்பங்களை ஊரிலேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் புல் குறைந்த அந்நிலத்தில் அவை மேய்ந்து மேய்ந்து மண்ணை முன்னரே வெறுமையாக்கியிருக்கவுங் கூடும். இது வெறும் ஊகமன்று. 1598இல் ஸ்பானியர் குடியேறியபோது செம்மறியாடுகள் அந்நிலத்துக்கு வந்தன. அயலிலுள்ள நவாஹோ மக்கள் ஆட்டையே தம் வாழ்வாக்கிக் கொண்டனர். அவர்தம் கம்பளி நெசவு உலகப் புகழ் பெற்றது. 1930களிலோ மேய்ச்சலால் நிலம் அரிக்கப்படுகிறதென்று கூறி அரசாங்கம் அவ்வாடுகளைப் பெருந்தொகையாகக் குறைத்தது. அந்த வடு அவர்கள் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை.

விலங்கென்றதும் நாம் அதன் வலிமையையே எண்ணுகிறோம். எம் குடாநாட்டு வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. மாடு இங்கே ஏர் இழுத்தது, வண்டி இழுத்தது, சூடு மிதித்தது, எல்லாம் உண்மையே. ஆயினும் ஆறில்லாத இந்நாட்டின் தலையாய வேலை கிணற்றிலிருந்து நீரிறைப்பது. தமிழகத்தின் கவலையேற்றத்தில் எருதுகள் செய்த அவ்வேலையை இங்கே துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடந்து மனிதரே செய்தனர். பம்பி வரும்வரை தோட்டத்துக்கு நீர் வார்த்தது மனிதக் காலே. அப்படியாயின் மாட்டின் பெருங்கொடை எது? எருத்தான் என்போம். இதைப் பத்திரிகையில் எழுத நாணுவோரும் உளர். எமக்கு அந்த நாணம் இல்லை.

மறுநாள் உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மாணவரை அழைத்துச் சென்றது இதன் பொருட்டே. சுண்ணக்கற் பாறையின்மேற் படிந்த செம்மண் கண்ணுக்கு அழகானது. ஆனால் தாவரச் சத்துக் குறைந்தது. இரவிலே ஆடு மாடுகளைத் தோட்டத்திற் பட்டியடைத்து, இடத்துக்கிடம் பட்டியை மாற்றி, குழை தாழ்த்து, பனையோலை புதைத்துத் தலைமுறை தலைமுறையாக மனிதர் அதனை ஊட்டி வளர்த்தனர். திருவாங்கூர்வரை சென்று பெயர் பெற்ற யாழ்ப்பாணப் புகையிலை அவ்வூட்டத்தில் விளைந்ததே. இந்த மண்ணை இயற்கை பாதி செய்தது; பட்டி மீதியைச் செய்தது.

பின்னர் உரமூட்டைகள் வந்தன, பட்டிகள் சுருங்கின. அளவுமீறி இட்ட உரம் கற்பிளவுகளின் ஊடாக இறங்கியது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று வரம்பு கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எருவையும் அளவின்றிக் கொட்டினால் இதே தீங்கு நேரும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தோட்டத்தில் மிளகாய்க்கு நீர் கட்டிக்கொண்டிருந்த முதியவர், 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்த நாட்களை நினைவுகூர்ந்தார்.

“அண்டைக்குத்தான் தம்பி, எல்லாரும் என்ரை மாட்டுக்கொட்டிலைத் தேடி வந்தவை. அதுக்கு முதல், மணக்குது எண்டு மூக்கைப் பொத்தினவை.”

மாணவர் சிரித்தனர். கேள்வி கேட்ட பையன் மட்டும் சிரிக்கவில்லை. கொட்டிலருகே சென்று கன்றொன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றான். இப்போது எத்தனை மாடுகள் இருக்கின்றன என்று முதியவரைக் கேட்டோம்.

“ரெண்டு. பால் எடுக்க ஒண்டு; பட்டிப்பொங்கலுக்கு மாலை போட எண்டாலும் மற்றது நிக்கட்டும் எண்டு விட்டிருக்கிறன்” என்று கூறிவிட்டு, வாய்க்காலைத் திருப்பச் சென்றுவிட்டார்.