அற்புதங்கள் இன்றும் நடக்கின்றனவா? (தம்பானூர் லாட்ஜ் குறிப்புகள்)

இங்கே மெல்பர்னில் எங்கள் தமிழ் ஜெபக்குழு மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடும். பாட்டு, ஜெபம், பிறகு சாம்பார் சாதம். போன மாதம் ஊரிலிருந்து ஒரு ஊழியர் வந்திருந்தார். ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்துத் தீர்க்கதரிசனம் சொன்னார். பி.ஆர். விசாவுக்குக் காத்திருந்த தம்பிக்கு "அடைபட்ட வாசல் திறக்கும்" என்றார். குழந்தையில்லாத தம்பதிக்கு "அடுத்த வருஷம் மூவராக வருவீர்கள்" என்றார். எனக்கு "உன் வேலையில் ஒரு மாற்றம்". ஐ.டி.யில் இருப்பவனிடம் இதைச் சொல்ல தீர்க்கதரிசி எதற்கு என்று நினைத்துக்கொண்டேன் :-)

சாப்பாட்டின்போது, யூனிவர்சிட்டியில் படிக்கும் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "அங்கிள், இதெல்லாம் இப்பவும் நடக்குதா? இல்ல பைபிளோட முடிஞ்சு போச்சா?" தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அற்புதங்களும் தீர்க்கதரிசனமும் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டன என்று சொல்லும் கிறிஸ்தவர்கள் உண்டு. அமெரிக்க இறையியலாளர் வார்ஃபீல்டு 1918-ல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். நான் அந்தக் கட்சி இல்லை. கடவுள் ஒரு நூற்றாண்டோடு கடையை மூடிவிட்டார் என்பதற்கு வேதத்தில் திடமான ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கட்சிக்காரர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது தம்பானூரில் புரிந்தது.

நாகர்கோவில்காரர்களுக்குத் தம்பானூரை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையமும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டும் எதிரெதிரே இருக்கும் இடம். 1956 வரை கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்ததால், பெரிய வியாதி வந்தால் திருவனந்தபுரம் போவது எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். புற்றுநோய் என்றால் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் ஆர்.சி.சி. 1981-ல் தொடங்கியது. அங்கே போகிற தமிழர்கள் பலர் தம்பானூரில்தான் இறங்குவார்கள். அங்கேயே லாட்ஜ் எடுப்பார்கள். அந்த லாட்ஜ்களில் காரிடாரில் நடந்தாலே தெரியும், தலைக்குத் துண்டு கட்டியவர்கள், கையில் பெரிய எக்ஸ்ரே கவர், ஃபிளாஸ்கில் கஞ்சி.

2012-ல் அம்மாவுக்கு மார்பகத்தில் கட்டி. இரண்டாம் நிலை. ஆபரேஷன் முடிந்து 21 நாளுக்கு ஒரு தடவை கீமோ, மொத்தம் ஆறு. நான் லீவு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மூன்றாவது முடிந்திருந்த சமயம். அம்மா வாந்தி எடுத்து ஓய்ந்து படுத்திருக்கிறாள். சித்தி உள்ளே வந்து செல்போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மா காதருகே வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு தீர்க்கதரிசி. பெயர் வேண்டாம். அவர் அந்நியபாஷையில் கொஞ்ச நேரம் பேசிவிட்டுச் சொன்னார்: இந்த மகளுக்குச் சுகம் ஆயிற்று, மூன்று மாதத்தில் மேடையில் சாட்சி சொல்வாள், இனி மருந்து எடுப்பது அவிசுவாசம்.

கடைசி வாக்கியம்தான் விஷயம். முதல் இரண்டோடு நிறுத்தியிருந்தால் நானும் ஆமென் சொல்லியிருப்பேன்.

சித்தி கெட்டவள் இல்லை. அக்காவுக்கு ஊசி குத்தக் குத்த நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தேடுவதைப் பார்த்து அழுதவள். "எக்கா, கர்த்தர் சொன்ன பிறகும் போனா அவரை நம்பலன்னு ஆயிரும்" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அந்த அறையில் என் கோபத்துக்கு மதிப்பில்லை. முடிவெடுக்க வேண்டியவள் அம்மா. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர், முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவள். அன்று இரவு முழுவதும் அவள் பேசவில்லை.

அந்த இரவில் நான் தூங்காமல் யோசித்ததும், பிறகு படித்ததும் கலந்துதான் இதற்கு மேல் வருகிறது.

தீர்க்கதரிசனம் நமக்கு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். 1906 அசூசா தெரு எழுப்புதலுக்கு 46 வருஷம் முன்பே, 1860-ல், நம் தென் தமிழகத்தில் கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பன் என்ற தமிழர் நடத்திய சபையில் அந்நியபாஷை, தரிசனம், தீர்க்கதரிசனம் எல்லாம் நடந்திருக்கிறது. அவர் ரேனியஸிடம் படித்தவர். மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். தன் நாட்குறிப்பில் எல்லாவற்றையும் எழுதி வைத்தவர். ஆதாயத்துக்காகச் செய்தார் என்று அவர்மேல் யாரும் விரல் நீட்ட முடியாது.

அந்தத் தீ 1870-களில் திருவிதாங்கூருக்குள் பரவியது. அங்கே வித்வான்குட்டி என்று அழைக்கப்பட்ட யுஸ்தூஸ் யோசேப்பு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து 1861-ல் ஞானஸ்நானம் பெற்று, சி.எம்.எஸ். குருவானவர் ஆனவர். பெரிய பாடலாசிரியர். அவர் இயற்றிய மலையாளப் பாடல்களைக் கேரள சபைகளில் இன்றும் பாடுகிறார்கள். தம்பானூரிலிருந்து வடக்கே ரயில் ஏறினால் கொல்லம் தாண்டி கருநாகப்பள்ளி வரும். அதற்குப் பக்கத்துக் கன்னேற்றிதான் அவர் ஊர். அவருடைய கூட்டத்தார் 1881-ல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அறிவித்தார்கள். ஜனங்கள் நம்பினார்கள், காத்திருந்தார்கள்.

1881 வந்தது, போனது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கணக்குத் தப்பு என்று சொல்லவில்லை. ஆவியில் வந்துவிட்டார் என்று விளக்கம் கொடுத்து, யூயோமயம் என்று தனி மார்க்கமே ஆரம்பித்தார்கள்.

எனக்கு இந்தச் சரித்திரத்தில் உறைத்தது, அந்த மனிதர் போலி இல்லை என்பதுதான். போலியை எளிதில் ஒதுக்கிவிடலாம். உண்மையாக ஜெபித்தவர், கற்றவர், அழியாத பாட்டுகள் எழுதியவர், அவரே தேதியில் தவறினார். அப்படியென்றால் லாட்ஜ் அறையில் செல்போனில் வந்த குரல் உண்மையானதா போலியா என்று மண்டையை உடைப்பதே வீண். உண்மையானவராகவே இருக்கட்டும். சொன்னது சரியா என்பது வேறு கேள்வி. வேதமும் அப்படித்தான் வைத்திருக்கிறது. உபாகமம் 18-ல் சோதனை, சொன்னது நடந்ததா என்பதே. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணவும் கூடாது, சோதிக்காமல் ஏற்கவும் கூடாது என்கிறார். நம் ஆட்கள் முதல் பாதியோடு பக்கத்தை மூடிவிடுகிறார்கள்.

சரி, சுகமளிக்கும் அற்புதம்?

தம்பானூரிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் வந்தால் தக்கலை தாண்டியதும் புலியூர்க்குறிச்சி. அங்கே முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. கைதியாக இழுத்துச் செல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை தாகத்தில் முழங்கையால் இடித்தபோது தண்ணீர் வந்ததாக நம்பிக்கை. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு ஏற்கப்பட்ட அற்புதம் 2013-ல் நடந்தது. 24 வார கர்ப்பத்தில் சிசு இறந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பிறகு, தாய் தேவசகாயத்திடம் வேண்ட, மறுபடி துடிப்பு கேட்டது.

நாங்கள் சி.எஸ்.ஐ. புனிதர்களிடம் வேண்டுகிற வழக்கம் இல்லை. ஆனால் கத்தோலிக்கர்களிடம் ஒரு காரியத்தில் எனக்குப் பொறாமை உண்டு. அற்புதம் என்று ஒன்றைச் சொன்னால் ஃபைல் போடுகிறார்கள்! டாக்டர் குழு உட்கார்ந்து, மருத்துவ ரீதியாக விளக்க முடியாது என்று சொல்ல வேண்டும். 2016 விதிப்படி ஏழு பேர் இருந்தால் ஐந்து பேராவது ஒத்துக்கொள்ள வேண்டும். தேவசகாயத்தின் அற்புதத்தை போப் அங்கீகரித்ததே 2020-ல்தான், ஏழு வருஷம் கழித்து. லூர்து நகரில் ஆயிரக்கணக்கானோர் சுகமானோம் என்று பதிவு செய்திருக்கிறார்கள். 2025 வரை சபை ஏற்றது 72. நம் மேடைகளில் ஒரே ராத்திரியில் அதைத் தாண்டிவிடுகிறோம். கட்டி கரைந்தது என்று மைக்கில் சொன்னவரை மறுநாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவிசுவாசி.

ஆபீஸ் நண்பர் ஒருவர் (நாத்திகர், தங்கமான மனிதர்) 2006-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வைக் காட்டினார். இதய பைபாஸ் செய்துகொண்ட 1802 பேர். ஒரு பகுதியினருக்காக முன்பின் தெரியாதவர்கள் ஜெபித்தார்கள். பலன் எதுவும் தெரியவில்லை. தங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்குச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. கடவுளை மருந்து மாதிரி டோஸ் போட்டு அளக்க முடியாது என்று பதில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "அப்ப மேடையில தேதி போட்டு விளம்பரம் பண்றது மட்டும் எப்படி?" என்றார். நியாயமான கேள்வி. தேதியும் இடமும் அச்சடித்துச் சுவரில் ஒட்டிய பிறகு அளக்காதே என்று சொல்ல முடியாது.

டி.ஜி.எஸ். தினகரன் மேல் அம்மாவுக்கு மிகுந்த மரியாதை. லட்சக்கணக்கானோருக்காகச் சுகம் வேண்டி ஜெபித்தவர். 1986-ல் சாலை விபத்தில் சொந்த மகளைப் பறிகொடுத்தார். அவரே நோயுற்று 2008 பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில்தான் இறந்தார். சிலர் இதைக் கேலியாகச் சொல்வார்கள். எனக்கு அதில் கேலி செய்ய ஒன்றும் தெரியவில்லை. பவுலும் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவிட்டுத்தான் போனார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கைவைத்தியம் சொன்னாரே தவிர மேடை ஏற்றவில்லை.

மறுநாள் காலை அம்மா இந்தியன் காபி ஹவுஸ் போகலாம் என்றாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாரி பேக்கர் கட்டிய சிவப்புச் செங்கல் கோபுரம், உள்ளே மேஜைகளெல்லாம் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவில் இருக்கும். (பேக்கரும் தொழுநோயாளிகள் மத்தியில் வேலை செய்ய இந்தியா வந்த கிறிஸ்தவர்தான். அது தனிக் கதை.) ஏற முடியாமல் முதல் மேஜையிலேயே உட்கார்ந்தோம். பீட்ரூட் வைத்த மசால் தோசையில் பாதியைத் தின்றுவிட்டு சித்தியிடம் கேட்டாள்.

"எசேக்கியா ராசாவுக்கு பதினஞ்சு வருசம் கூட்டிக் குடுத்தது யாரு?"

"கர்த்தர்."

"அதைச் சொன்ன தீர்க்கதரிசி?"

"ஏசாயா."

"ஏசாயா சொல்லிட்டுச் சும்மா போனாரா? அத்திப்பழ அடையைக் கொண்டு வந்து புண்ணுல கட்டச் சொன்னாரா இல்லியா? வாக்கும் வந்துது, மருந்தும் வந்துது. மருந்தைத் தூரப் போடுன்னு சொல்லுத தீர்க்கதரிசி வேதத்துல எங்க இருக்காரு, காட்டு."

சித்தி பதில் சொல்லவில்லை. அம்மா தண்ணீர் குடித்துவிட்டு, "கர்த்தர் அவருகிட்ட சொன்னாருன்னா எங்கிட்டயும் சொல்லட்டும். நான் இங்கதானே கிடக்கேன்" என்றாள்.

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது எல்லாம் எடுத்தாள். இப்போது 74 வயது. இதை நான் அற்புதம் என்று கணக்கு எழுதவில்லை. இரண்டாம் நிலையில் கண்டுபிடித்து முறையாக வைத்தியம் செய்தால் பிழைப்பவர்கள் அநேகர். எங்களுக்கு இரண்டு அறை தள்ளி இருந்த மார்த்தாண்டம் பக்கத்து அக்காவுக்கும் அதே வியாதிதான். யாருடைய வார்த்தையையோ நம்பி நடுவில் நிறுத்திவிட்டுப் போனார். எட்டு மாதம் கழித்து ஆம்புலன்ஸில் திரும்பி வந்ததை, செக்கப்புக்குப் போன அம்மா பார்த்தாள். இரண்டு சின்னப் பிள்ளைகள். அதன் பிறகு அந்த வருஷம் முழுக்க அம்மா வாக்குத்தத்த அட்டையைச் சுவரில் மாட்டவில்லை.

அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நடக்கிறது என்றே நம்புகிறேன், மகளே. விளக்கம் இல்லாத சில காரியங்களை, அடக்கமாகச் சொல்லும் நம்பத் தகுந்த மனிதர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். அவர்கள் யாரும் போஸ்டர் அடித்தவர்கள் இல்லை. உன் தலையில் கை வைத்து யாராவது ஏதாவது சொன்னால், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை. மருந்தையோ படிப்பையோ கல்யாணத்தையோ அதை வைத்து மாற்றாதே.

அம்மா எழுதி வைத்திருந்தாள். சரியாக மூன்று மாதத்தில் அந்த ஊழியத்தின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, சுகம் பெற்ற சாட்சியைப் பத்திரிகைக்கு அனுப்பும்படி. அம்மா உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினாள். ஆபரேஷன் தேதி, ஆறு கீமோ தேதிகள், மருந்துகளின் பெயர்கள், நரம்பு கிடைக்காமல் அரைமணி நேரம் பொறுமையாகத் தேடிய நர்ஸ், பிறகு கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இரண்டு தடவை தபாலில் அனுப்பினாள். இதுவரை அவர்கள் போடவில்லை.